நாற்காலிக்கு நன்னடத்தைச் சான்று

உதவி என்றால் உதவி, அப்படியொரு உதவி. பகையாளிக்குக்கூட அதைச் செய்ய யாருக்கும் மனம் வராது. குடியேறி வந்தவர்கள் குடியுரிமை வாங்குவதற்கு இலவசச் சட்ட உதவி செய்யும் மன்றம் என்று வாசலில் பெரிய பலகை. பலகையில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம். உற்றுப் பார்த்தால் ஒரு கை மற்றதை விடுவதாக இல்லை என்பது தெரியும். குஷன்காரர் உற்றுப் பார்க்கவில்லை. பாவம், எதையும் நல்லபடியாகவே எடுத்துக்கொண்டு பழகிய மனுஷர்.

குஷன்காரர் என்றால் சோபாவுக்கும் நாற்காலிக்கும் ஸ்பிரிங் கட்டி, ஃபோம் வைத்து, துணி போர்த்துகிறவர். அந்த ஊரில் பாதிப் பேர் சாய்ந்து உட்காரும் சுகம் அவர் கையால் வந்தது. அவருக்குத்தான் உட்கார நேரம் கிடைக்காது. மனைவி ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தாள். ஒரே மகள். கால்நடை மருத்துவம் படித்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அந்தக் கல்லூரியில் குடிமக்களுக்கு மட்டும்தான் இடம். அந்த நாட்டுச் சட்டப்படி, அப்பா குடியுரிமைக்கு மனுக் கொடுக்கும் நாளில் பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்காவிட்டால், அதே மனுவில் பிள்ளையும் சேர்ந்துவிடும். நிரம்பிவிட்டால் போச்சு. அவள் தனி ஆள். தானே வேலைக்குப் போய், தானே வரி கட்டி, குடியிருந்த வருஷங்களை முதலிலிருந்து எண்ண வேண்டும்.

ஆக, மகளின் பிறந்தநாளுக்கு முன்னால் மனு அரசாங்கக் கவுண்ட்டரில் விழுந்தாக வேண்டும். இதைவிட எளிமையான விஷயம் உலகத்தில் உண்டா? அதனால்தான் அதற்கு ஒரு மன்றம் தேவைப்பட்டது.

முதல் நாள் வரவேற்பு மேஜையில் இருந்த அம்மாள் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"டோக்கன் எடுத்தீங்களா?"

"மெஷின்ல டோக்கன் வரலைங்க அம்மா."

"டோக்கன் வரலைன்னு சொல்றதுக்குத் தனி டோக்கன் இருக்கு. அந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் போய், டோக்கன் வரவில்லை என்பதற்கான டோக்கனை வாங்கி, காத்திருந்து, கடைசியில் மேஜைக்கு வந்தார். பாஸ்போர்ட், கல்யாணச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், வாடகை ரசீதுகள் என்று துணிப்பை நிறைய ஆவணங்கள். நகல்களை ஒரு கட்டாகவும் அசல்களை ஒரு கட்டாகவும் மகள் அடுக்கித் தந்திருந்தாள். டோக்கன் அம்மாள் நகல்களைத் தள்ளிவிட்டு அசல் கட்டை இழுத்துக்கொண்டாள்.

"நகல் போதாதுங்களா?"

"நகல் எங்ககிட்ட இருந்தா அசல் உங்ககிட்ட இருக்கும். அசல் உங்ககிட்ட இருந்தா நீங்க பாட்டுக்கு எங்கயாவது போய் மனுக் குடுத்துடுவீங்க. அப்புறம் நாங்க உங்களுக்கு எப்படி உதவுறது?"

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. அசல்கள் ஒரு கோப்புக்குள் போயின, கோப்பு ஒரு அலமாரிக்குள் போனது, அலமாரியின் சாவி அந்த அம்மாளின் இடுப்புக்குள் போனது. குஷன்காரர் இரண்டு கையையும் கூப்பிவிட்டு வெளியே வந்தார். கூப்பியிருக்க வேண்டாம்.

அடுத்து நன்றி வகுப்பு. உதவி கிடைத்த பிறகு ஜனங்கள் நன்றி சொல்ல மறந்துவிடுகிறார்கள் என்பது மன்றத்தின் கசப்பான அனுபவமாம். ஆகையால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நெஞ்சில் கை வைத்துச் சொல்லும் நன்றி, புகைப்படத்துக்குச் சொல்லும் நன்றி, கண்ணில் நீர் ததும்பச் சொல்லும் நன்றி என்று தனித்தனியாகப் பயிற்சி. பயிற்சி கொடுத்தவர் ஒரு ரொட்டிக்காரர். அவரும் மனுக் கொடுக்க வந்தவர்தான். வந்து வந்து பழுத்துப்போய், இப்போது அவருக்கு 'மூத்த பயனாளி' என்று சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தியிருந்தார்கள்.

"கவலைப்படாதீங்க தம்பி. இங்க எல்லாம் முறையா நடக்கும்" என்றார் ரொட்டிக்காரர்.

"உங்க மனு எந்த அளவுல இருக்குங்க?"

"நல்லா இருக்கு. போன தடவை பார்த்தேன், அலமாரியில மேல் தட்டுக்கு ஏத்திட்டாங்க. கீழ் தட்டுல ஈரம் படுதாம்."

அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து குஷன்காரர் முதல் தடவையாக அலமாரி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

கடைசியில் தலைமை ஆலோசகரின் அறைக்குள் போகும் பாக்கியம் கிட்டியது. ஆலோசகர் வக்கீல் படிப்புப் படித்தவர். கோர்ட்டுப் பக்கம் போவதில்லை. அங்கே எந்த வழக்குக்கும் எப்போதாவது ஒருநாள் தீர்ப்பு வந்துவிடுகிறது, அது அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. நல்ல உயரமான முதுகு வைத்த, கைப்பிடிகளில் சிங்கத் தலை செதுக்கிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆட்களின் முகத்தைப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. கோப்பைப் பார்த்தே பேசுவார்.

"தொடர்ந்து இந்த நாட்டுலேயே வசிச்சீங்களா?"

"ஆமாங்க. நடுவுல ஒரே ஒரு தடவை ஊருக்குப் போனேன். அப்பா தவறிட்டார்."

"அவர் தவறப் போறது உங்களுக்கு முன்கூட்டியே தெரியுமா?"

"அது எப்படிங்க தெரியும்?"

"தெரியாமப் போயிருக்கீங்க. அப்போ இது திட்டமிடாத பயணம். உங்க அப்பாகிட்டேருந்து ஒரு விளக்கக் கடிதம் வேணும்."

"அவர்தான் தவறிட்டாரேங்க!"

"அதைத்தான் அவர் கடிதத்துல தெளிவா எழுதணும்."

குஷன்காரர் வெளியே வந்தார். அதோடு விட்டார்களா? அடுத்து நன்னடத்தைச் சான்று. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனதோடு, 'இவர் யார் வம்புக்கும் போகாதவர்' என்று எழுதிக் கொடுத்தார். ஆலோசகர் அதைப் படித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

"வம்புக்குப் போகாதவர்னு எழுதியிருக்கே. போகாம இருக்கணும்னா வம்பு எங்க இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும். அது இவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

இப்படியே இழுத்தது. ஒவ்வொரு தடவையும் பட்டறையில் அரைநாள் லீவு. முதலாளியம்மா முகம் சுளிக்காமல் விட்டாள், நல்லவள். மகளின் பிறந்தநாளோ பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. வீட்டில் மாட்டியிருந்த காலண்டர் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மகள் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பி, 'குடிமகளா?' என்ற கேள்விக்கு எதிரே மட்டும் வெற்றிடம் விட்டு மேஜைமேல் வைத்திருந்தாள். மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னங்க, நாமளே நேராப் போய் மனுவைக் குடுத்துட்டா என்ன?"

"கவுண்ட்டர்ல அசல் இல்லாம வாங்க மாட்டாங்க. அசல் அவங்க அலமாரியில இருக்கு."

"அப்போ அதைத் திருப்பிக் கேளுங்க. நம்ம புள்ளையோட பிறப்புச் சான்றிதழ்தானே? அவங்க பெத்தாங்களா?"

போய்க் கேட்டார். டோக்கன் அம்மாள், தன் ஆவணத்தைத் தானே கேட்பவர்களுக்கு விடுவிப்புக் குழு என்று ஒன்று இருப்பதாகவும், அதன் உறுப்பினர் ஒருவர் வெளிநாட்டுக்குக் குடியேறிப் போய்விட்டதாகவும், அங்கே அவருக்குக் குடியுரிமை கிடைத்த பிறகுதான் ராஜினாமா செய்ய முடியும், அதுவரை குழு கூட முடியாது என்றும் சொன்னாள். குஷன்காரர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். அந்தச் சத்தத்துக்குத் தலைமை ஆலோசகரே உள்ளே கூப்பிட்டுவிட்டார். அழைத்து, கோப்பைப் பார்த்தபடியே, பரிவோடு பேசினார்.

"கோபப்படக் கூடாது. எங்க சிரமத்தையும் யோசிச்சுப் பாருங்க. ஒரு கோப்பை நாங்க முடிச்சுட்டா என்ன ஆகும்? அந்த ஆளுக்கு உதவி தேவைப்படாமப் போயிடும். உதவி தேவைப்படாதவங்களுக்கு உதவ எங்க விதியில இடமில்லை. அதனால ஒருத்தருக்குத் தொடர்ந்து உதவணும்னா, முடிக்காம இருக்கிறது ஒண்ணுதான் வழி. இந்த மன்றம் ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒருத்தர்கூட எங்களை விட்டுப் போனதில்லை. எங்களுக்கு நன்கொடை குடுக்கிற அறக்கட்டளைக்காரங்க வருஷா வருஷம் வந்து இந்தக் கூட்டத்தைப் பார்த்துட்டு, இவ்வளவு பேருக்கு உதவுறீங்களேன்னு கண்கலங்கிப் போறாங்க. நீங்க போயிட்டா அந்த அறக்கட்டளை அம்மா மனசு என்ன பாடுபடும்?"

"என் பொண்ணுக்கு வயசு ஆயிடும் சார்."

"வயசு ஆகிறது இயற்கை. இயற்கைக்கு விரோதமா மன்றம் எதுவும் செய்யாது. இதுல நல்லதையும் பாருங்க. அவங்களுக்குத் தனியா ஒரு கோப்புத் திறப்போம். உங்க வீட்டுக்கு ரெண்டு கோப்பு! யாருக்குக் கிடைக்கும்?"

மகள் தலை நரைத்து, சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு, புதிதாக வருகிறவர்களுக்கு நன்றி சொல்லக் கற்றுக்கொடுப்பது குஷன்காரரின் கண்முன்னே தெரிந்தது. அந்த ஆளின் கழுத்தைப் பிடிக்கலாமா என்றுகூட நினைத்தார். நன்னடத்தைச் சான்றை நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டார். அப்போதுதான் ஆலோசகரின் ஆசனத்துக்கு அடியில் ஸ்பிரிங் ஒன்று 'டொய்ங்' என்று அறுந்தது. ஆலோசகர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

"இந்த நாற்காலியை வேற ஆண்டு விழாவுக்குள்ள ரிப்பேருக்கு அனுப்பணும்" என்று முனகினார். "மேடையில இதுல உட்கார்ந்தாதான் எனக்குப் பேச்சே வரும்."

ஊரில் அந்த வேலைக்கு இருந்தது ஒரே பட்டறை. மறுநாள் காலையில் சிங்கத் தலை நாற்காலி ஒரு வண்டியில் வந்து இறங்கியது. குஷன்காரர் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு கத்தியை எடுத்து முதுகு உச்சியிலிருந்து அடிவரை ஒரே இழுப்பு. துணி பிளந்தது. பழைய நாரும் பஞ்சும் பொலபொலவென்று கொட்டின. அப்படி ஒரு சுகம் அவருக்கு அந்த வருஷத்தில் கிடைத்ததில்லை. ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஸ்பிரிங்குகளை அறுத்து வீசினார். கடைசியில் மரச்சட்டமும் இரண்டு சிங்கத் தலையும்தான் மிஞ்சின.

"என்ன மாஸ்டர், கோழி உரிக்கிற மாதிரி உரிக்கிறீங்க?" என்று கேட்டபடி முதலாளியம்மா வந்தாள்.

விஷயத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் முகம் சிவந்தது. அவளுடைய தம்பியும் அந்த மன்றத்துக்கு அலையாய் அலைந்தவன்தான். நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லிச் சொல்லி, கடைசியில் வெறுத்துப்போய், தூதரகத்தில் தற்காலிகப் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு தாய்நாட்டுக்கே திரும்பிவிட்டான். அவனுடைய கோப்பு மட்டும் இன்னும் இங்கே உதவி பெற்றுக்கொண்டிருந்தது.

"அந்த மனுஷன் நாற்காலியைக் கேட்டு வருவான் இல்ல? வரட்டும். அடி, திட்டு எதுவும் வேண்டாம் மாஸ்டர். அவங்க நம்மளை நடத்தின மாதிரியே மரியாதையா நடத்துவோம்."

அன்று சாயங்காலம் குஷன்காரர் சொல்ல, மகள் படிவம் படிவமாகக் கம்ப்யூட்டரில் தட்டினாள். சிரிப்பை அடக்க முடியாமல் நடுநடுவே எழுந்து போனாள். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு நாளாயிற்று என்பதால் மனைவி என்ன ஏது என்று கேட்கவில்லை.

ஆலோசகர் வந்தார். முதலாளியம்மா தலையை நிமிர்த்தவில்லை.

"டோக்கன் எடுத்தீங்களா?"

ரெக்சின் துண்டில் எண் எழுதிய டோக்கனைக் கொடுத்து, ஸ்பிரிங் வெளியே எட்டிப் பார்க்கும் ஒரு பழைய சோபாவைக் காட்டினாள். கடையில் வேறு ஒருவரும் இல்லை. இருந்தாலும் மதியம்வரை கூப்பிடவில்லை. கூப்பிட்டபோது குஷன்காரர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஆலோசகர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? மனுஷன் முகத்தை என்றைக்காவது பார்த்திருந்தால்தானே?

"நாற்காலி உங்களுதுதானா?"

"என்னோடதுதான்."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. நீங்க இந்த நாற்காலியில தொடர்ந்து உட்கார்ந்து வந்ததுக்கு ஆதாரம் இருக்கா?"

குஷன்காரர் எதிர்பார்த்தது ஒரு கூச்சல். முதலாளியம்மா எதிர்பார்த்தது கைகலப்பு. அதற்காகச் சுத்தியலைக்கூடப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஆலோசகரோ நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"தொடர்ந்துன்னா, இடைவெளி எவ்வளவு அனுமதிப்பீங்க?" என்று கேட்டார்.

"அது... எழுந்து போனதுக்கெல்லாம் தனித்தனியா விளக்கம் குடுக்கணும். எங்க போனீங்க, எதுக்குப் போனீங்க, திரும்பி வந்து உட்காரும் உத்தேசம் இருந்துச்சா."

"பாத்ரூம் போனது?"

"போகப் போறது முன்கூட்டியே தெரியுமா?"

"சில நேரம் தெரியும். சில நேரம் தெரியாது."

"தெரியாமப் போனது திட்டமிடாத பயணம். அதுக்கு வேற படிவம்."

"அருமை!" என்றார் ஆலோசகர். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மன்னிக்கணும். இந்த ஊர்ல முறைன்னா என்னன்னு தெரிஞ்ச இடம் நாங்க மட்டும்தான்னு இவ்வளவு நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு நாற்காலிக்கே இவ்வளவு அக்கறை! ஜனங்க என்ன நினைக்கிறாங்க, வந்தோம், கேட்டோம், வாங்கினோம், போனோம்னு இருக்கணும்னு நினைக்கிறாங்க. அப்படிக் கிடைச்சா அதுக்கு என்ன சார் மதிப்பு?"

படிவங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். அடுத்த வாரமே எழுந்து போன தடவைகளையெல்லாம் நுணுக்கமாக எழுதிக் கட்டாக்கிக் கொண்டுவந்தார். நாற்காலிக்கு நன்னடத்தைச் சான்று கேட்டார்கள். டோக்கன் அம்மாளிடமே எழுதி வாங்கி வந்தார். 'இந்த நாற்காலி யாரையும் கீழே தள்ளியதில்லை' என்று அவள் எழுதியிருந்தாள்.

"அப்போ தள்ளத் தெரியும்னு ஆகுதே?" என்றார் குஷன்காரர்.

ஆலோசகர் தொடையில் தட்டிக்கொண்டார். "இது எனக்குத் தோணாமப் போச்சே! மாத்தி எழுதி வாங்கிட்டு வரேன்."

குஷன்காரருக்கு வயிறு எரிந்தது. பழிவாங்கலாம் என்று பார்த்தால் இந்த ஆள் விருந்துக்கு வந்தவர்போல வந்து போகிறாரே! சோபாவின் ஸ்பிரிங்கூட அவரைக் குத்தவில்லை. மகளின் பிறந்தநாளுக்கு இன்னும் சில நாட்கள்தான். முதலாளியம்மாவும் சோர்ந்துவிட்டாள். "நமக்கு இவங்க அளவுக்குக் கொடுமை வராது மாஸ்டர். வளர்ப்பு அப்படி" என்றாள்.

குஷன்காரர் வெறும் மரச்சட்டமாக நின்ற நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஆளை எதைக் கேட்டால் எதைக் கொடுப்பார்? அழுதால் கொடுக்க மாட்டார். கெஞ்சினால் கொடுக்க மாட்டார். உரிமை என்று கேட்டால் குழுவைக் காட்டுவார். விண்ணப்பத்துக்கு இணைப்பு என்று கேட்டால்? அடுத்த தடவை ஆலோசகர் வந்ததும், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சொன்னார்.

"ஒரே ஒரு குறைதான் சார். நீங்க இதுல உட்கார்ந்தீங்கன்னு நிரூபிச்சாச்சு. உட்கார்ந்து வேலை பார்த்தீங்கன்னு நிரூபிக்கலை. இந்த நாற்காலியில உட்கார்ந்து பார்த்த ஒரு கோப்பு இணைக்கணும். அசல்."

முதலாளியம்மா கையில் இருந்த கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. ஆலோசகர் மோவாயைத் தடவினார்.

"ஒரு கோப்பா?"

"ஒண்ணு போதும் சார்." எந்தக் கோப்பு என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தடுமாறினார்.

"என்ன சார் நீங்க, ஒண்ணை வச்சு எப்படி நம்புவீங்க? ஆதாரம் கூடக் கூடத்தான் விண்ணப்பம் பலப்படும். எங்ககிட்ட வர்றவங்களுக்கு நாங்க சொல்லிக்குடுக்கிறதே அதுதான். அலமாரியோட கொண்டு வரேன்."

"அலமாரியோடயா?"

"சாவியும் தரேன். நீங்க சரிபார்க்கணும் இல்ல?"

மறுநாள் வண்டி வந்தது. அலமாரி இறங்கியது. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெற்ற அப்பன் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டும் தராத பிறப்புச் சான்றிதழை, ஒரு நாற்காலியின் விண்ணப்பத்துக்கு இணைப்பாகக் கொண்டுவந்து, இறக்கும்போது 'பார்த்து, பார்த்து' என்று வேறு சொல்லி, கொடுத்துவிட்டுப் போனார் அந்த மனுஷர். ரசீது கேட்டார். முதலாளியம்மா கொடுத்தாள்.

குஷன்காரர் சாவியைப் போட்டுத் திறந்தார். தன் கோப்பைத் தேடி எடுத்தார். மனைவியை வேலையிலிருந்தும் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்தும் அழைத்துக்கொண்டு நேராக அரசாங்கக் கவுண்ட்டருக்கு ஓடினார். அங்கே ஒரு பெண் தாள்களைப் புரட்டினாள், அசலையும் நகலையும் ஒப்பிட்டாள், அசலைத் திருப்பிக் கொடுத்தாள், முத்திரை குத்தினாள்.

"அவ்வளவுதான். கடிதம் வரும்."

"அவ்வளவுதானாம்மா? எங்க அப்பா கடிதம் எதுவும் வேண்டாமா?"

"உங்க அப்பாவா? அவர் எதுக்கு?"

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து குஷன்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று மகள் தோளைத் தடவிக் கொடுத்தாள். சந்தோஷம் எங்கே வந்தது? ஆத்திரம்தான் வந்தது. ஒரு பெண் டீ ஆறுவதற்குள் முடித்துக் கொடுத்த வேலைக்கு அல்லவா அந்தப் பாவி அவரைச் செத்துப்போன தகப்பனிடம் கடிதம் கேட்க வைத்தான்!

அந்த ஆத்திரத்தோடு பட்டறைக்குத் திரும்பினார். அலமாரியில் இருந்த கோப்புகளில் முகவரி பார்த்து ஒவ்வொருவராக வரவழைத்தார். ஜனங்கள் வந்து, தங்கள் பாஸ்போர்ட்டையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் காணாமல் போன குழந்தை கிடைத்ததுபோல வாங்கிக்கொண்டு ஓடினார்கள். முதலாளியம்மா தம்பியின் கோப்பைத் தானே எடுத்து வைத்துக்கொண்டு அன்றே அவனுக்குப் போன் போட்டாள். ரொட்டிக்காரர்தான் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்போ நாளைக்கு நான் எங்க போறது தம்பி?"

"கவுண்ட்டருக்குப் போங்க. நான் கூட வரேன்."

"அங்க நன்றி சொல்லணுமா?"

"வேண்டாம்."

ரொட்டிக்காரர் சட்டையிலிருந்த பேட்ஜைக் கழற்றினார். குத்தியிருந்த இடத்தில் துணி இற்றுப்போய் ஓட்டை விழுந்திருந்தது.

ஆண்டு விழா வந்தது. நாற்காலி வரவில்லை. ஆலோசகர் மேடையில் வேறு எதிலும் உட்கார மறுத்து நின்றுகொண்டே இருந்தார். தன் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் விளக்கினார். எதிரே அரங்கு காலியாகக் கிடந்தது. குஷன்காரரும் மனைவியும் மட்டும் முதல் வரிசையில் போய்ச் சட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்கத்தான். அறக்கட்டளை அம்மையார் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"பயனாளிகள் எங்கே?"

"யாரும் வரலை அம்மா" என்றார் ஆலோசகர்.

"கோப்புகள்?"

"எல்லாமே வெளியே போயிடுச்சு."

அம்மையார் எழுந்து நின்றாள். கண் கலங்கியது. "எல்லாமேவா? ஒண்ணு பாக்கியில்லாமலா? எத்தனை வருஷமா நான் இந்த நாளுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா! உங்க வேலையை முடிச்சுட்டீங்க. ஒரு மன்றத்துக்கு இதைவிட வேற என்ன பெருமை?" ஓங்கிக் கை தட்டினாள். அதே கையோடு, உதவி தேவைப்படுகிற ஒருவர்கூட இல்லாத இடத்துக்கு நன்கொடை கொடுக்கத் தங்கள் விதியில் இடமில்லை என்றும், இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்வதாகவும் அறிவித்தாள். ஆலோசகருக்கோ முடிக்கவில்லை என்று சொல்லவும் முடியவில்லை, முடித்துவிட்டோம் என்று ஒப்பவும் மனமில்லை. குஷன்காரர் எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்தார். கண்ணில் நீர் ததும்ப நன்றி சொன்னார். அது பயிற்சியில் கற்றதுதான், ஆனால் அன்றைக்குக் கண்ணீர் தானாகவே வந்தது.

மன்றத்தின் பலகையைக் கழற்றினார்கள். குடியுரிமைக் கடிதம் வந்தது. மூவரும் போய் உறுதிமொழி எடுத்தார்கள். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது.

சிங்கத் தலை நாற்காலிக்குக் குஷன்காரர் புது ஸ்பிரிங் கட்டி, நயமான ஃபோம் வைத்து, கரும்பச்சை வெல்வெட் போர்த்தினார். அவர் கையில் அவ்வளவு அழகாக எதுவும் அமைந்ததில்லை. பட்டறையின் நடுவில் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார். ஆலோசகர் இன்னும் வாராவாரம் வந்து டோக்கன் எடுத்து அந்த ஓட்டைச் சோபாவில் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார். அவருக்கும் வேறு போக்கிடம் இல்லை.

மனைவி ஒருநாள் பார்த்துவிட்டு மனசு இளகினாள். "பாவங்க. குடுத்துத் தொலைங்களேன்."

"மாட்டேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"என் ஆத்திரம் தீர்ற வரைக்கும். இன்னும் தீரலை."

ஒரு மத்தியானம் மகள் கல்லூரி விட்டு நேராகப் பட்டறைக்கு வந்தாள். மாட்டின் எலும்புக்கூடு போட்ட தடித்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, சிங்கத் தலைகளின் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி, கால் மேல் கால் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். டோக்கனோடு உள்ளே வந்த ஆலோசகர் அப்படியே நின்றுவிட்டார். நாற்காலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், குஷன்காரரைப் பார்த்தார்.

"சார், அது என் நாற்காலி மாதிரி இருக்கே. அதுல யாரோ உட்கார்ந்திருக்காங்களே?"

"யாரோ இல்லை சார். என் பொண்ணு. இந்த நாட்டுக் குடிமகள். எங்க வேணா உட்காருவா."

ஆலோசகர் யோசித்துப் பார்த்தார். சட்டப்படி அதில் தவறு எதுவும் அவருக்குத் தென்படவில்லை. தலையை ஆட்டிவிட்டு, டோக்கனைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, சோபாவுக்குப் போனார். மகள் பக்கத்தைத் திருப்பினாள்.